பிறிதொரு நாள்

சென்ற மாதம் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஈரோட்டுப் பக்கம் புதிதாக வட்டார வளர்ச்சி அலுவலராகச் சேர்ந்திருக்கும் ஓர் இளைஞர் அனுப்பியது. தாளின் மேலே "ஒத்திவைப்புக் குறிப்பு – மாதிரி வாசகம்" என்று யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே இருந்த ஆறு வரிகளும் நான் எழுதியவை. கூடவே ஒரு குரல் பதிவு: "சார், இது உங்க டிராஃப்டுன்னு சொன்னாங்க. நம்ம குரூப்புல எல்லாரும் இதையேதானுங்க காப்பி பண்றோம். ஒரு கமா மாத்த வேண்டியதில்லீங்க."

நன்றி என்று பதில் அனுப்பினேன். முப்பத்து நான்கு ஆண்டு அரசுப் பணியில் இருந்தவனுக்குக் கை தானாகவே அப்படித்தான் போகும். அந்த ஆறு வரிகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொண்டு காப்பியடிக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் ஓய்வூதியர் சங்க மலரில் "மறக்க முடியாத அனுபவம்" கேட்டிருக்கிறார்கள். மறக்க முடியாதது இதுதான். போடுவதும் போடாததும் ஆசிரியர் குழுவின் பாடு.

நான் கோவையில் வரலாறு படித்தவன். வரலாறு படித்தவனுக்கு அப்போதிருந்த ஒரே எதிர்காலம் தேர்வாணையத் தேர்வு. எழுதினேன். இளநிலை உதவியாளர், உதவியாளர், துணை வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்று ஏறினேன். அந்த ஏற்றத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை. முன்னால் இருந்தவர்கள் ஓய்வுபெற்றார்கள், காலியான நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

கல்லூரியிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து ரோமாபுரி. எங்கள் பேராசிரியர் ரோமானியரின் சகுன விதிகளை வேடிக்கைக் கதைபோல நடத்துவார். அங்கே தேர்தல் நடக்கவும் சட்டம் நிறைவேறவும் முதலில் தெய்வத்தின் சம்மதம் வேண்டும். பறவை எந்தப் பக்கம் பறக்கிறது, மின்னல் எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று சொல்வதற்கென்றே பெரிய மனிதர்கள் இருந்தார்கள். படையோடு கூண்டில் கோழிகளையும் கொண்டுபோவார்கள். இரையைக் கொத்தித் தின்றால் நல்ல சகுனம். நல்ல சகுனம் அவசரமாகத் தேவைப்பட்டால் கோழியைப் பட்டினி போட்டுவிடுவார்கள். சகுனம் பார்ப்பவர் எழுந்து "வேறொரு நாள்" என்று இரண்டே சொல் சொன்னால் கூடியிருந்த மக்கள் கலைந்துவிட வேண்டும். மின்னலைப் பார்த்தீர்களா, எங்கே, எப்போது என்று யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சடங்குக்குத் தலைமை வகிப்பவர் பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம், "அமைதி நிலவுவதாகத் தெரிகிறதா, சொல்" என்று கேட்பார். ஆதியில் அந்த உதவியாளர் உண்மையிலேயே காதைத் தீட்டிக் கேட்டு, நாலு பக்கமும் பார்த்துச் சொன்னாராம். பிற்காலத்தில் தலையைக்கூடத் திருப்பாமல் "தெரிகிறது" என்று சொல்லிவிடுவாராம். கேள்வியும் சம்பிரதாயம், பதிலும் சம்பிரதாயம். வகுப்பே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

கடைசியாக நான் பணியாற்றிய ஒன்றியத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கோவையிலிருந்து ஈரோடு போகும் வழியில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஊர் தறிச்சத்தம், பாதி ஊர் மஞ்சள் காடு. அங்கே ஒன்றியக் குழுத் தலைவராக இருந்தவர் நாச்சிமுத்து. தறிக்கூடத்து முதலாளி. கவுளி பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். கவுளி என்றால் பல்லி; அது எந்தத் திசையிலிருந்து சத்தமிடுகிறதோ அதற்கேற்ற பலன்.

ஒரு முறை காலனிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டப் பூசை போட்டோம். முதல் செங்கல்லை எடுத்து வைக்கப்போன தலைவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தெக்கால இருந்து கவுளி சொல்லிப்போட்டுதுங்க சார். இந்த எடம் ஆகாதுங்க."

திறந்தவெளி. சுவரே இல்லாத இடத்தில் கவுளி எங்கிருந்து சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவருடைய தோட்டத்துக்கு அருகில் இருக்கும் இடம் ஆகும் என்பதையும் அதே கவுளி சொல்லியிருந்தது. கோப்பில் கவுளி என்று எழுத முடியாது. "மண்ணின் தாங்குதிறன் கருதி மாற்று இடம் தெரிவு செய்யப்படுகிறது" என்று எழுதினேன். காலனிப் பெண்கள் மேலும் இரண்டு கோடைக்குக் குடத்தோடு நடந்தார்கள்.

இப்படித்தான் எனக்குப் பெயர் வந்தது. ராகு காலத்தில் உறுப்பினர் வர மறுத்தால் "போக்குவரத்துத் தாமதம்". அஷ்டமியன்று கூட்டம் வேண்டாமென்றால் "போதிய உறுப்பினர் வருகையின்மை". சகுனத்தை அலுவலகத் தமிழில் பெயர்க்க மாவட்டத்தில் எனக்கு நிகர் ஆளில்லை. பக்கத்து ஒன்றியங்களிலிருந்து வாசகம் கேட்டு ஆள் வரும். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பேன். நம்புகிறவன் எழுதினால்தான் மூடத்தனம், நம்பாதவன் எழுதினால் வெறும் நடைமுறை என்பது என் கொள்கை.

மாவட்டத்தில் எனக்கு மேலிருந்த அதிகாரியைக் கீழுள்ளவர்கள் "கேள்விக்குறி" என்போம். அவர் உத்தரவு போட்டு யாரும் கேட்டதில்லை, கேள்விதான் கேட்பார். "ஏனுங்க, அந்த ரோடு இந்த வருசமே அவசரமுங்களா?" என்றால் அந்த ரோடு இல்லை. "அவரு நல்ல காண்ட்ராக்டருங்களே, இல்லீங்களா?" என்றால் அவர்தான் காண்ட்ராக்டர். அதட்டமாட்டார். குரல் எப்போதும் பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி இருக்கும். கோப்பில் சிக்கல் இருந்தால் ஓரத்தில் "பேசவும்" என்று ஒரே சொல் எழுதித் திருப்பி அனுப்புவார். போய்ப் பேசுவோம். பேசியது காற்றில் போகும், முடிவு எங்கள் கையெழுத்தில் இருக்கும். அவர் எனக்கு எதையாவது செய்யச் சொன்னார் என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அவருடைய திறமையை நான் வெகுவாக மெச்சியிருக்கிறேன்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஒன்றியத் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒன்றியத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வென்று வந்த உறுப்பினர்கள் கூடி, தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தும் தேர்தல் அலுவலர் நான்.

பதினைந்து உறுப்பினர்கள். நாச்சிமுத்து தன் மருமகள் கவிதாவை உறுப்பினராக்கிக் கொண்டுவந்திருந்தார். தானும் ஓர் உறுப்பினராக வந்திருந்தார். அவர்களோடு சேர்த்து அந்தப் பக்கம் ஏழு பேர். எதிர்ப்பக்கம் மரகதம். தோட்ட வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து வந்து, தறிக்கூடத்தில் நின்று, பிறகு ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் ஆனவர். தண்ணீர்த் தொட்டி வராமல் போன அதே காலனிக்காரர். யாரும் எதிர்பாராமல், அவரையும் சேர்த்து அந்தப் பக்கமும் ஏழு பேர் ஆகிவிட்டார்கள்.

பதினைந்தாவது ஆள் சென்னியப்பன். மஞ்சள் விவசாயி, சுயேச்சை, நாச்சிமுத்துவுக்கு மாமன் முறை. மஞ்சளை ஈரோட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதா இன்னும் ஒரு வாரம் வைத்திருப்பதா என்பதைக்கூடக் கருப்பராயனைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். வாக்கு யாருக்கு என்பதையும் கேட்டார். கிடாவைக் கோவில் முன் நிறுத்தி, மாலை போட்டு, தலையில் தண்ணீர் தெளித்து, உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது. துளுக்கிவிட்டது என்பார்கள்.

கூட்ட அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு உறுப்பினர்கள் ஒப்புகைக் கையெழுத்து இட வேண்டும். அதற்காகச் சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் ஒரே நேரத்தில் என் அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"என்னங்க மாமா, கெடாயைக் கேட்டு ஓட்டுப் போடறீங்களாமா?" என்றார் நாச்சிமுத்து.

"கெடாயைக் கேக்கலீங்க மாப்ளே. கருப்பராயனைக் கேட்டேனுங்க. மொதல்ல உங்க மருமவ பேரைச் சொல்லித் தண்ணி தெளிச்சேன். அது பாட்டுக்கு மாலையைத் தின்னுட்டு நின்னுது. பொறகு அந்தப் புள்ள மரகதம் பேரைச் சொன்னேன். தலையில இருந்து வாலு வரைக்கும் துளுக்கிப்போட்டுதுங்க."

"ஈரமானா ஆடு துளுக்கத்தானுங்க மாமா செய்யும்?"

"மொதல்லயும் அதே தண்ணிதானுங்களே மாப்ளே."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, "கவுளி ஒண்ணும் செரியில்லீங்க சார் இந்த வாரம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிப் போனார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்பதுதான் உண்மை.

தேர்தல் நாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். அதற்கு நடைமுறை உண்டு. அதை நான் தூக்கத்தில் சொல்வேன். வருகைப்பதிவில் கையெழுத்து, போதிய வருகையைச் சரிபார்த்தல், முன்மொழிவு, வழிமொழிவு, காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி அரக்கு வைத்தல், வாக்குச் சீட்டு. பதினைந்து பேரும் வந்து கையெழுத்து இட்டிருந்தார்கள். அரக்கையும் மெழுகுவத்தியையும் என் அறை மேசையில் எடுத்து வைத்திருந்தேன். மரகதத்தோடு தையல் யூனிட்டிலிருந்து நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். காவலரிடம் முன்கூட்டியே சொல்லி, வளாகத்தில் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே வரும்போது டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து வணக்கம் சொன்னார். வாயில் சோறு இருந்ததால் அதைக் கையால்தான் சொன்னார்.

பத்தேகாலுக்கு என் அறையிலிருந்த தொலைபேசி அடித்தது. கேள்விக்குறி.

"ஏனுங்க, ஆரம்பிச்சாச்சுங்களா?"

"இல்லீங்க சார். இனித்தான் முன்மொழிவு வாங்கணும்."

"வெளிய ஆளுக கூடியிருக்கறதாச் சொன்னாங்க. அப்படித் தெரியுதுங்களா?"

என் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். திரும்பினால் புங்கமரம் தெரியும்.

"தெரியுதுங்க சார்."

"சத்தம் கித்தம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க சார்."

நான் திரும்பவில்லை. கழுத்தை அசைக்காமல் மேசையிலிருந்த அரக்குக் கட்டியைப் பார்த்தபடி சொன்னேன். சொன்ன அந்தக் கணமே எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. வந்தும் நிறுத்தவில்லை.

"அலுவலர் நீங்கதான். எனக்கென்னங்க தெரியும்? உங்களுக்கு என்ன தோணுது?"

"பிறிதொரு நாள் வச்சுக்கலாம்னு தோணுதுங்க சார்."

"நீங்க முடிவு பண்ணுனா செரிதானுங்களே?" என்று அதையும் ஒரு கேள்வியாகவே கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

ஓய்வுக்குப் பதினொரு மாதம் இருந்தது. கடைசிக் காலத்தில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் ஓய்வூதியம் என்ன ஆகும் என்பது அரசு ஊழியர்களுக்குத் தெரியும். இதை நான் பல வருடங்கள் எனக்கே சமாதானமாகச் சொல்லிவந்தேன். ஆனால் அச்சத்தில் எழுதுகிறவன் நாலு வார்த்தை எழுதி முடித்துக்கொள்வான். நான் ரசித்து எழுதினேன். "வளாகத்தில் திரண்டிருந்தோரின் கூச்சலால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும் சூழல் எழுந்துள்ளதாலும், உறுப்பினர்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டும், தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களாலும், இக்கூட்டம் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது." மேலதிகாரி சத்தம் என்றுதான் கேட்டார். கூச்சல் என்ற சொல் என்னுடையது. சத்தம் என்று எழுதியபோது வாக்கியம் கொஞ்சம் சப்பென்று இருந்தது. அடித்துவிட்டுக் கூச்சல் என்று மாற்றினேன்.

மன்றத்தில் வாசித்தேன். மரகதம் எழுந்தார்.

"சார், ஜன்னலத் தொறந்து ஒருக்காப் பாத்துப்போட்டு வாசிங்க."

"அறிவிப்பு செய்தாச்சும்மா. இனி விவாதிக்க விதியில்லை."

"விதி இருக்கட்டுங்க சார். காது இருக்குதுங்களே?"

நாச்சிமுத்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அம்மணி, சாருக்கு எத்தனையோ சோலி. இன்னொரு நாளைக்கு வாங்க. நாற்காலி எங்கயும் ஓடிப்போகாது." அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் மட்டும் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அது எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து விளங்கியது. அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் வந்து பக்கத்தில் நின்றார். தேங்காய் பன் ஒன்று வாங்கி, பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கோணும். அன்னைக்குக் கூட்டம் எதனால நின்னுதுங்க?"

"அதான் வாசிச்சேனுங்களே."

"வாசிச்சீங்க. எனக்கு அந்தத் தமிழ் வெளங்கலீங்க. நான் வெளிய வந்து பாத்தேன், அந்தப் புள்ளைக சும்மாதான் உக்காந்திருந்துதுங்க. மனுசரு யாரும் நிறுத்துன மாதிரி தெரியலீங்க. கருப்பராயன் வாக்குக் குடுத்துது நெசம், நான் என்ற கண்ணால பாத்தேன். குடுத்த வாக்கை அதுவே தடுத்துப்போட்டுதோன்னு ரெண்டு நாளா தூக்கமில்லீங்க. ஆராச்சும் சொல்லி நிறுத்துனதுன்னாச் சொல்லிப்போடுங்க சார். என்ற ஓட்டு அந்தப் புள்ளைக்குத்தான். சாமி நிறுத்துனதுன்னா நான் என்ன செய்ய முடியும்?"

அவர் தெளிவாகத்தான் கேட்டார். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது. "ஆள்தானுங்க நிறுத்தினது, நான்தான்" என்று சொன்னால் போதும். பேக்கரியில் எங்களைத் தவிர யாருமில்லை. கோப்பில் ஏற வேண்டியதுமில்லை. ஆடுகூடத் தண்ணீர் பட்டால் உடம்பை அசைக்கும். நான் டீக் கிளாஸைப் பார்த்தபடி, "தவிர்க்க இயலாத காரணமுங்க" என்றேன்.

"தவிர்க்க முடியாததுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப மனுசன் கையில இல்லீங்க" என்றார் சென்னியப்பன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவர் கொடுத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடமாகச் சகுனத்தை நிர்வாகமாகப் பெயர்த்துக் கொடுத்தவன் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் நிர்வாகத்தை ஒருவர் சகுனமாகப் படித்தார். நாச்சிமுத்துவின் கவுளிகள் எல்லாம் சேர்ந்தும் செய்ய முடியாததை என் ஆறு வரிகள் செய்துவிட்டன.

பிறிதொரு நாள் வந்தது. அன்று எல்லாம் விதிப்படி நடந்தது. பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். கவிதா எட்டு, மரகதம் ஏழு. மாலைகள் வந்தன, வெளியே வெடி வெடித்தார்கள். காதை அடைக்கிற சத்தம். அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

வாக்களித்து வந்த சென்னியப்பன் போகிற வழியில் மரகதத்தின் முன் நின்றார். "தப்பா நெனச்சுக்காத கண்ணு. சாமி தடுத்துப்போட்டுது. சார்கிட்டயே கேட்டுப்போட்டேன்" என்றார். மரகதம் திரும்பி என்னைப் பார்த்தார்.

முடிவில் எல்லா உறுப்பினர்களும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் கையெழுத்து இட வேண்டும். மரகதம் கடைசியாக வந்தார். அன்றைய பக்கத்தில் போட்டுவிட்டு, முந்தைய பக்கத்தைத் திருப்பினார். ஒத்திவைத்த கூட்டத்தின் குறிப்பு அங்கே இருந்தது. விரலை வைத்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இதுல கூச்சல்னு எழுதியிருக்கறது எங்களையா சார்?"

நான் மிஞ்சிய அரக்கை எடுத்து உறையில் போட்டேன்.

"தோத்தது பரவால்லீங்க. ஓட்டுன்னா அப்படி இப்படித்தான். இந்த நோட்டு எத்தன வருசம் இருக்குமுங்க?"

"நிரந்தரப் பதிவேடும்மா."

"அப்ப என்ற பேத்தி வந்து பாத்தாலும், நாங்க கலவரம் பண்ணுனவீகன்னுதானுங்க இருக்கும்? அந்த வார்த்தைய மட்டும் அடிச்சுப்போடுங்க சார். நான் வேறொண்ணும் கேக்கலீங்க."

இதற்கும் நடைமுறை எனக்குத் தெரியும். தெரியாத நடைமுறை எனக்கு எதுவும் கிடையாது. "உறுதி செய்யப்பட்ட குறிப்பைத் தீர்மானம் இல்லாமல் திருத்த முடியாது. தீர்மானத்துக்குப் பெரும்பான்மை வேணும்" என்று சொன்னேன். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னேன். என் குரல் கேள்விக்குறியின் குரல்போல இருந்ததை நானே கேட்டேன்.

அவர் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். குறிப்பின் கீழே, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்துகளில் எழுதினார்: "நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்தோம்." பேனாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெடிச்சத்தத்துக்கு நடுவே வெளியே போனார்.

பதிவேட்டில் அலுவலரின் அனுமதியின்றி எழுதப்பட்ட வரிகளை ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதியிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்த வரி படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. அளவுகோலை எடுத்து, கோணாமல், ஒரே கோடாக அடித்தேன்.